அம்மாயி காலுக்கு ஒரு ஜோடி சொக்ஸ்

"ஏ புள்ள, இது யாரு காலுக்குப் பின்னுனது?"

போன டிசம்பர் லீவில், பதினோரு நாள் கஷ்டப்பட்டுப் பின்னிய சொக்ஸைப் போட்டுப் பார்த்துவிட்டு அம்மாயி கேட்ட கேள்வி இது. விரல் பக்கம் இறுக்கிப் பிடித்தது. குதிகால் பக்கம் பை மாதிரித் தொங்கியது. கணுக்காலில் நிற்காமல் வழுக்கி வழுக்கி இறங்கியது. ஒரே சொக்ஸ் ஒரே நேரத்தில் சின்னதாகவும் பெரிதாகவும் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நானுஓயாவில் டிசம்பர் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரம். விடிய எழும்பினால் சில நாள் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும், கொழுந்து கருகிப்போகும். லயத்து வீட்டின் சீமெந்துத் தரையில் கால் வைத்தால் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறும். அம்மாயி முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் மலைக்குப் போனவர். இப்போது வீட்டில்தான். எந்நேரமும் காலில் குளிர். கடையில் வாங்கிக் கொடுத்த சொக்ஸ் எல்லாவற்றையும் "வெரல நசுக்குது" என்று கழற்றி வைத்துவிட்டாங்க. சரி, கையால் பின்னினால் பொருந்தும் என்று நினைத்தேன். பொருந்தவில்லை.

அம்மாயி சும்மா பகிடிக்குத்தான் கேட்டாங்க. ஆனால் அந்தக் கேள்வியை நான் விடவில்லை. உண்மையிலேயே அது யாருடைய காலுக்குப் பின்னியது?

முதலில் கணக்கு

சொக்ஸ் பின்னுவது கொஞ்சம் கை வேலை, நிறையக் கணக்கு. ஊசியில் ஏற்றும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று வைத்துக்கொள்வோம். நான் யூடியூப்பில் பார்த்த அளவு, 64 கண்ணி. ஒரு அங்குலத்துக்கு 8 கண்ணி விழுந்தால் 64 கண்ணிக்குச் சுற்றளவு 8 அங்குலம். பின்னல் துணி இழுபடும் என்பதால் காலின் சுற்றளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகப் பின்ன வேண்டும். அப்போதுதான் காலைக் கவ்விப் பிடிக்கும்.

என் கை கொஞ்சம் தளர்வு. அங்குலத்துக்கு 7 கண்ணிதான் விழுந்திருக்கிறது. அதே 64 கண்ணி இப்போது 9 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. அங்குலத்துக்கு ஒரே ஒரு கண்ணி பிசகினால் முழுச் சுற்றில் ஒரு அங்குலத்துக்கு மேல் பிசகும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் முதலில் ஒரு சின்னச் சதுரம் பின்னி, அடிமட்டம் வைத்து எண்ணிப் பார்க்கிறார்கள். நான் அவசரக்குடுக்கை, அதைச் செய்யவில்லை.

கணுக்கால் தொளதொளத்ததற்குக் காரணம் என் கைதான். ஆனால் விரல் இறுக்கியதற்கு அது காரணம் இல்லை. சுற்றளவு கூடியும் ஏன் இறுக்க வேண்டும்? அந்த அளவில் சொக்ஸின் நுனி கூராகக் குறுகிக்கொண்டே போகும். சப்பாத்துக்குள் வளர்ந்த காலுக்கு அது சரி. அம்மாயியின் கால் அப்படி இல்லை. விரல்கள் விசிறி மாதிரி அகன்று நிற்கும், பெருவிரல் தனியாக விலகியிருக்கும். பிழை பாதி என் கையில், பாதி அந்த அளவுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றில். அந்த இரண்டாவது பாதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

குதிகாலின் கதை

கால் ஒரு நேர்க்குழாய் இல்லை. கணுக்காலில் வந்து திடீரென்று தொண்ணூறு பாகை திரும்புகிறது. துணியை அப்படித் திருப்புவதுதான் சொக்ஸின் முழுப் பிரச்சினையும்.

எகிப்தில் ஒக்சிரின்கஸ் என்ற பழைய நகரத்தின் இடுகாட்டில் கிடைத்த ஒரு ஜோடி சிவப்புக் கம்பளிச் சொக்ஸ் இப்போது லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. காலம் கி.பி. 250 முதல் 420க்குள். இரண்டு ஊசிப் பின்னல் வருவதற்கு முந்தியது, ஒற்றை ஊசியால் முடிச்சுப் போட்டுப் போட்டுச் செய்தது. பெருவிரலுக்குத் தனி அறை, மற்ற நாலு விரலுக்கும் சேர்த்து ஒரு அறை. ஏன் தெரியுமா? செருப்போடு போடுவதற்கு! வார் நுழைய இடம் விட்டிருக்கிறார்கள். இந்தச் சொக்ஸை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

அதற்குப் பிறகு, 11 முதல் 13ஆம் நூற்றாண்டுக்குள், அதே எகிப்தில் நீலமும் வெள்ளையுமாகப் பருத்தி நூலில் ஊசிப் பின்னல் சொக்ஸ் வருகிறது. பிறகு ஐரோப்பாவில் குதிகாலைத் திருப்பும் முறை படிப்படியாகத் தேறியது. இன்றைக்கும் பலர் பின்னுவது அப்படித்தான்: பாதிக் கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி ஒரு மடல் செய்வது, அதன் நடுவைக் கிண்ணம் மாதிரிக் குழிப்பது, பக்கங்களில் புதுக் கண்ணி எடுத்து இரண்டு முக்கோணமாகக் குறைத்துக்கொண்டு வருவது. எத்தனை கண்ணியில் மடல், எங்கே குறைப்பதை நிறுத்துவது என்பதை முன்னால் இருக்கும் காலைப் பார்த்துப் பின்னுபவர் முடிவு செய்வார்.

1589இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹம்ஷயரில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். அது தட்டையாகத்தான் பின்னும். ஆனால் ஓரத்தில் கண்ணிகளைக் குறைத்துக் கூட்டி, காலின் வடிவத்துக்குப் பின்னி எடுத்துப் பிறகு தைப்பார்கள். நொட்டிங்ஹம் பக்கத்து நெசவுக் குடும்பங்கள் இருநூறு வருடம் இந்த வேலையில் பிழைத்தன.

பிறகு முதலாளிமார் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அகலமான இயந்திரத்தில் வடிவமே இல்லாமல் ஒரு பெரிய துணி பின்னுவது, கத்தரிக்கோலால் கால் வடிவில் வெட்டுவது, தைத்து விற்பது. வெட்டிய ஓரத்தில் கண்ணி பிரியும். கொஞ்ச நாளில் காலுறை கிழியும். ஆனால் மலிவு. தேர்ந்த தொழிலாளிக்குக் கூலி குறைந்தது, வேலையும் போனது. 1811 மார்ச்சில் நொட்டிங்ஹம்ஷயரில் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினார்கள். 'லடைட்' என்று நாம் வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் அதே ஆட்கள்தான். இயந்திரம் என்றாலே பிடிக்காத பட்டிக்காட்டார் என்று அவர்களைக் காட்டுவது வழக்கம். உண்மையில் இயந்திரத்தில்தான் அவர்கள் பரம்பரையாக வேலை செய்தார்கள். கூலிக் குறைப்புக்கும், கள்ளத்தனமாக வெட்டித் தைத்த காலுறைக்கும்தான் எதிர்ப்பு. 1812இல் இயந்திரம் உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறியது.

காலுக்குப் பொருந்தும் காலுறை கூலிப் பிரச்சினையாகவும் இருந்திருக்கிறது. பிறகு குழாயாகச் சுற்றிப் பின்னும் இயந்திரங்கள் வந்தன. குழாயைக் கால் வடிவ அச்சில் மாட்டிச் சூடாக்கி அமுக்கினால் சொக்ஸ் மாதிரித் தெரியும். 1958இல் டுபொண்ட் கம்பெனியில் இலாஸ்டேன் நூல் வந்தது. இன்றைக்கு எந்தக் காலுக்கும் ஒரே சைஸ். இழுபடுவதைப் பொருந்துவதாக நாமும் பழகிவிட்டோம். இழுபட்டுக் கவ்வும் சொக்ஸ் அகன்ற விரல்களை நசுக்கும் என்பது, அகன்ற விரல் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த மலையில் யார் காலில் சொக்ஸ் இருந்தது?

சரி, நம்ம பக்கம் வருவோம்.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட், 1859இல் இலங்கையைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் அட்டைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கோப்பித் தோட்டத்துத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் அட்டை உறை செய்து காலில் மாட்டிக்கொள்வார்களாம். உள்ளூர் ஆட்கள் எண்ணெய், புகையிலைச் சாம்பல், எலுமிச்சஞ்சாறு என்று பூசிக்கொள்வார்களாம். ஒரே மலை, ஒரே அட்டை, இரண்டு விதமான கால்.

இதை வாசித்துவிட்டு அம்மாயியிடம் கேட்டேன். "நாங்க சவுக்காரத்தக் கொழச்சுப் பூசிக்கிட்டுப் போவோம். மழ பேஞ்சா அதுவும் கழுவிக்கிட்டுப் போயிரும். பொறகு எங்க, கடிக்க விட வேண்டியதுதான்." டென்னன்டின் புத்தகத்துக்கும் அம்மாயியின் காலத்துக்கும் நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. பூசும் பொருள்தான் மாறியிருக்கிறது.

நம்ம ஆட்கள் இந்த மலைக்கு வந்ததே காலால்தான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். நூறு மைலுக்கு மேல். வழியில் பசியிலும் கொலராவிலும் செத்தவர்கள் ஏராளம். குளிருக்குத் தோட்டம் கம்பளி கொடுத்தது. இனாமாக இல்லை, விலையைக் கூலிக் கணக்கில் பிடித்தார்கள். அரிசியும் கம்பளியும் சேர்ந்து கடனானது. அந்தக் கம்பளி தலையையும் தோளையும் மூடியது. காலை மூட ஒன்றும் இல்லை. பழைய போஸ்ட் கார்டுப் படங்களைப் பாருங்கள். கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்களின் கழுத்தில் நகை இருக்கும், மூக்கில் மூக்குத்தி இருக்கும். கால் வெறுங்கால்.

வெறுங்கால் என்பது குளிரோடு முடிந்த விஷயம் இல்லை. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈர மண்ணில் இருந்து பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போகும், குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். சோகை பிடித்து ஆள் வெளிறிப்போவார். ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், கக்கூஸ் கட்டச் சொன்னார்கள். கக்கூஸ் கட்டக் காசு செலவழிக்கத் தோட்ட முதலாளிமார் தயங்கினார்கள். மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு திரும்ப இறங்கினார்கள். காலில் ஏதாவது போட்டால் புழு ஏறாது என்பது அப்போதே மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதே நிறுவனம் ஏழை வெள்ளையர்களிடம் சப்பாத்துப் போடச் சொல்லிப் பிரசாரம் செய்தது.

"முதமுத எப்ப செருப்புப் போட்டீங்க?" என்று கேட்டேன். அம்மாயி கொஞ்சம் யோசிச்சாங்க. "கல்யாணத்துக்கு வாங்கினாங்க. அத மலைக்குப் போட்டுக்கிட்டுப் போகல. சரிவுல வழுக்கும்ல. டவுனுக்குப் போகத்தான்." அதாவது செருப்பு இருந்த காலத்திலும் வேலை நேரத்தில் வெறுங்கால்.

ரயிலில் போன காலுறை

சொக்ஸின் நுனியை மூடுவதற்கு ஒரு அழகான முறை இருக்கிறது. இரண்டு பக்கத்துக் கண்ணிகளையும் தையல் ஊசியால் கோத்து, மூட்டே தெரியாமல் சேர்ப்பது. விரலில் உராயாது. அதற்கு உலகம் முழுக்க 'கிச்சனர் தையல்' என்று பெயர். முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் அமைச்சராக இருந்த அதே கிச்சனர் பிரபுதான். சேற்றுக் குழிகளில் நின்று படையினரின் பாதம் அழுகியபோது, மூட்டு இல்லாத காலுறைக்கு அவர் ஊக்கம் கொடுத்தார் என்பது கதை. அவர் பெயர் எப்படி ஒட்டியது என்பதில் சர்ச்சை உண்டு. ஆனால் 1914இல் மேரி மகாராணி படையினருக்காக மூன்று இலட்சம் ஜோடி காலுறை கேட்டதும், பேரரசு முழுக்கப் பெண்கள் ஊசி எடுத்ததும் உண்மை. அந்த வருடமே இலங்கைத் தோட்டத் துரைமாரின் ரைபிள் படைப் பிரிவு ஒன்றும் எகிப்துக்குக் கப்பல் ஏறியது.

இந்தக் கிச்சனருக்கு எங்கள் ஊரோடு ஒரு தொடர்பு இருப்பது இதை எழுதும்போதுதான் உறைத்தது. உலகப் போருக்கு முன்னால், 1900இன் கடைசியில், தென்னாபிரிக்காவில் போயர் போருக்குத் தலைமை ஏற்றவர் அவர். பண்ணைகளை எரித்தார். பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களில் அடைத்தார். 26,000க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் அங்கே செத்தார்கள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின மக்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பிடிபட்ட போயர் ஆண்களில் சுமார் 5,000 பேர் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, தியத்தலாவையில் அடைக்கப்பட்டார்கள்.

தியத்தலாவைக்கு எப்படிப் போனார்கள்? ரயில் பாதை 1885இல் நானுஓயாவுக்கு வந்தது, 1894இல் பண்டாரவளைக்கு நீண்டது. கொழும்பிலிருந்து போகும் அந்தப் பாதையில் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டாமல் தியத்தலாவைக்குப் போக முடியாது. பிளாட்போமில் பெட்டி தூக்கிய நம்ம ஆட்கள் அந்தக் கைதிகளைப் பார்த்திருப்பார்கள். கைதிகளின் காலிலும் சப்பாத்து இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இதைச் சொல்வது கிச்சனர் தையலைத் தூக்கிப் போடச் சொல்வதற்கு அல்ல. நல்ல தையல் அது, நானும் அதைத்தான் போடுகிறேன். படையினரின் பாதம் அழுகினால் சண்டை நிற்கும், அதனால் அரண்மனையே அந்தக் காலைக் கவனித்தது. கொழுந்து எடுக்கும் காலில் புழு ஏறினாலும் கொழுந்து வந்துகொண்டே இருந்தது. அந்தக் கால்களுக்கு யாரும் ஒரு அளவு எழுதி வைக்கவில்லை. யூடியூப்பில் நான் எடுத்த 64 கண்ணிக்குப் பின்னால் இருப்பது சப்பாத்துப் போட்ட கால்.

பேப்பரில் நின்ற கால்

வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதம் உண்மையிலேயே வேறு வடிவமா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? 2009இல் பெல்ஜியம் ஆய்வாளர் டாவுட்டும் சகாக்களும் தென்னிந்தியாவில் வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு நடந்தவர்களை அளந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சப்பாத்துப் போடுபவர்களைவிட அவர்களுடைய பாதம் அகலமாக இருந்தது. நடக்கும்போது உடல் பாரமும் பாதத்தில் கூடுதல் சமமாகப் பரவியது. ஆக, அம்மாயியின் கால் கோணல் கால் இல்லை. சப்பாத்துக்குள் ஒடுங்காமல் வளர்ந்த கால்.

அதனால் இரண்டாவது தடவை அளவில் இருந்து தொடங்கினேன். அம்மாயியைப் பழைய பேப்பர் மேல் நிற்கச் சொன்னேன். உட்கார்ந்து அளந்தால் பிழைக்கும், பாரம் விழும்போதுதான் பாதம் விரியும். பென்சிலால் சுற்றி வரைந்தேன். அம்மாயிக்குக் கூச்சம். "சீ, காலத் தொடாத புள்ள" என்று இழுத்துக்கொண்டாங்க. கணுக்காலைச் சுற்றிப் பழைய அட்டைக்கடித் தழும்புகள், சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாக. குதிகாலில் கவ்வாத்துக் கட்டை கிழித்த ஒரு நீளத் தழும்பு. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

நூலால் சுற்றி அளந்தேன். நீளம் 9 அங்குலம். கணுக்கால் 8. விரல்களுக்குக் கீழே அகன்ற இடம் 9¾. நான் பார்த்த அளவுகள் எல்லாவற்றிலும் கணுக்காலுக்கும் பாதத்துக்கும் ஒரே கண்ணி எண்ணிக்கைதான்.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். மெல்லிய ஊசிக்கு மாறி, சின்னச் சதுரம் பின்னி, 8 கண்ணி விழுவதை உறுதி செய்தேன். கணுக்காலுக்கு 56 கண்ணி. குதிகாலைத் திருப்பிய பிறகு முக்கோணத்தில் குறைத்துக்கொண்டு வரும்போது 56க்குத் திரும்பவில்லை, 70இல் நிறுத்தினேன். 9¾இல் பத்தில் ஒரு பங்கைக் கழித்து எட்டால் பெருக்கினால் வருவது அதுதான். நுனியைக் கூராக்கவில்லை. ஒக்சிரின்கஸ் சொக்ஸ் மாதிரியே பெருவிரலுக்கு ஒரு அறை, மற்ற விரல்களுக்கு ஒரு அறை. அம்மாயி வீட்டிலும் றப்பர் செருப்புத்தான் போடுவாங்க. சாதாரண சொக்ஸோடு செருப்பு மாட்டினால் துணியை வாருக்குள் இழுத்து இழுத்துத் திணிக்க வேண்டும். குளிர் காலத்தில் நம்ம ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நடக்கிறார்கள்.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் முடித்தேன். போட்டுப் பார்த்தாங்க. செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்தாங்க. இறங்கவில்லை, நசுக்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் பொங்கப் பானை வைக்கும்போதும் காலில் அது இருந்தது. மத்தியானம், "மேல் லயத்துல நம்ம பெரியம்மாவுக்கும் இதே மாதிரி ஒண்ணு பின்னிக் குடேன்" என்றாங்க.

"இதே மாதிரி முடியாது அம்மாயி. அவங்க காலப் பாக்கணும்" என்றேன்.

லீவு முடிவதற்குள் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்குப் போய் வந்தேன். பெரியம்மாவின் இடது காலும் வலது காலும் ஒரே அளவு இல்லை. வலது கால் அரை அங்குலம் அகலம் கூட. கூடையோடு சரிவில் நிற்கும்போது பாரம் எப்போதும் அந்தக் காலில்தான் விழுமாம். இப்போது கெம்பஸில், லெக்சர் இல்லாத நேரங்களில், ஒரே ஜோடியில் இரண்டு அளவு வைத்துப் பின்னிக்கொண்டிருக்கிறேன்.

வாசிக்கிற உங்களில் யாருக்காவது மலைக்குப் போன அம்மாயியோ அப்பாயியோ இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். பின்னத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பேப்பரில் அவர்களை நிற்க வைத்துக் காலை வரைந்து, தேதி போட்டு எடுத்து வையுங்கள். முதன்முதலில் எப்போது செருப்புப் போட்டார்கள் என்று கேட்டு, அதையும் பக்கத்தில் எழுதுங்கள். பெயரும் கூலியும் செக்ரோலில் இருக்கும். கால் எந்தப் பதிவிலும் இல்லை.